மறுபிறப்பும் சொர்க்கமும் இல்லையென்றால் வாழ்ந்ததற்கு என்ன பொருள்?

இரவுப்பணி (வெள்ளவத்தை) | ஞாயிறு, இரவு 9.15

கொழும்பில் எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் ஆறுதல் ஏறக்குறைய ஒன்றுதான்: இதோடு முடியவில்லை. சைவ வீட்டில் "சிவபதம் அடைந்தார்" என்று பதாகை கட்டுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் "இறைவனில் இளைப்பாறுகிறார்" என்று அச்சடிக்கிறார்கள். முஸ்லிம் அயலவர்கள் "அவனிடமிருந்தே வந்தோம், அவனிடமே மீளுகிறோம்" என்று ஓதுகிறார்கள். சிங்களவர் தெருவில் வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே நிர்வாண சுகம் கிட்டட்டும் என்று எழுதியிருக்கும். எனக்கு இவற்றில் எதிலும் நம்பிக்கை இல்லை. யார் மீதும் கோபப்பட்டு விட்டதல்ல. சிறுவயது நம்பிக்கை மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

நான் தாதி. "மறுமை இல்லையென்று நினைப்பவள் எதற்காக இந்தப் பாடு படுகிறாய்? நன்மை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். குத்திக் காட்டவில்லை, புரியாமல்தான் கேட்கிறார்கள். அதனால் மனம் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளியால் விழுங்க முடியாது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவதால் உதடு வெடிக்கும், நாக்கு காய்ந்து தடித்துவிடும். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து (பிழியாமல் வைத்தால் புரையேறிவிடும்) உதட்டில் ஒற்றி, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து, கடைசியில் கொஞ்சம் வாசலின் தடவுவோம். சற்று நேரத்தில் மறுபடியும் காய்ந்துவிடும். மறுபடியும் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் முகத்தில் இருந்த இறுக்கம் தளரும். அவர் விடிவதற்குள் இறந்துவிடலாம். நான் செய்ததை நினைவில் வைத்திருக்க மாட்டார். எந்த ஏட்டிலும் அது பதியப்படாது. ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு மனிதரின் வேதனை குறைந்தது. அது நடந்துவிட்டது. பிறகு வரும் மரணத்தால் அதை நடக்காததாக ஆக்க முடியாது. எனக்கு இதற்கு மேல் ஒரு பொருள் தேவைப்படவில்லை.

நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் எழுதுங்கள். என்னை மாற்ற முயன்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு முயலுங்கள்.


கொச்சிக்கடையான் | ஞாயிறு, இரவு 10.02

சகோதரி, உங்கள் தொழிலை வணங்குகிறேன். ஆனால் உங்கள் வாதத்துக்கு வசதியான சாவைத்தான் எடுத்திருக்கிறீர்கள்: கட்டிலில், நோயில், ஒரு தாதியின் கை படும் தூரத்தில் நடக்கும் சாவு. நான் வேறு சாவைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவப்பிட்டித் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் மாண்டார்கள், பிள்ளைகள் உட்பட. குண்டைச் சுமந்து வந்தவர்களும் அதே நொடியில் மாண்டார்கள். மரணத்தோடு எல்லாம் முடிகிறது என்றால் கொன்றவனுக்கும் கொல்லப்பட்ட குழந்தைக்கும் வாய்த்தது ஒரே முடிவு. அவனை எந்த நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த நாட்டில் அது பெரிய விடயம்தான். ஆனால் உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்ட கணக்கு அது. செத்த பிள்ளைக்கு அதில் என்ன கிடைத்தது?

இறந்தோர் எழுப்பப்படவில்லை என்றால் உண்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மனிதர் கெட்டுப்போவார்கள் என்ற எச்சரிக்கையாகவே பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு தவிப்புத் தெரிகிறது. அநியாயமாகச் செத்தவர்களை மண்ணுக்குள் கைவிட்டுவிட்டு, நாம் மட்டும் உண்டு குடித்து எப்படி வாழ்வது? நன்மைக்குச் சம்பளம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கதை அங்கே அறுந்துவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.


ஓய்வாசிரியர் | திங்கள், காலை 6.30

பிள்ளை, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் நம்பிக்கையுள்ள சைவன். இருந்தும் உங்கள் பக்கத்தில் நிற்பதற்கு நம் பழைய நூல்களே இடம் தருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும்.

"நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்பது 222ஆம் குறள். மேலுலகம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் கொடுப்பது நல்லதுதான் என்கிறார் வள்ளுவர். புறநானூற்று 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற வள்ளலை எப்படிப் புகழ்கிறார் தெரியுமா? இந்தப் பிறவியில் செய்தது அடுத்த பிறவிக்கு உதவும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் அறவிலை வணிகன் அல்லன் அவன் என்கிறார். மறுமைக்காக அறம் செய்பவனை வியாபாரி என்று சொல்லும் துணிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. வடக்கிருந்து (உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து) உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனின் பாட்டு ஒன்றும் அதே தொகுப்பில் 214ஆவதாக இருக்கிறது. நல்வினை செய்தவர்க்கு மேலுலகம் கிடைக்கலாம். அங்கே நுகர்ச்சி முடிந்தால் பிறவாமை கூடும். பிறவியே இல்லையென்றாலும் இமயத்தின் சிகரம் உயர்ந்தாற்போலத் தன் புகழை நாட்டிவிட்டுப் பழியில்லாத உடம்போடு மாய்வது மிகச் சிறந்தது என்கிறான். சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவன், மறுமை உண்டா இல்லையா என்ற கேள்வியை முடிக்காமல் விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொருந்தும்படி தன் முடிவைச் சொல்கிறான். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இன்னொன்று. மறுமைதான் வாழ்வுக்குப் பொருள் தருகிறது என்பது சைவத்தின் பேச்சே அல்ல. "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்று மணிவாசகர் அழுதார். மீண்டும் மீண்டும் வருவதே நமக்குத் துன்பம். சொர்க்கம்கூட வினை தீர்ந்ததும் இறக்கிவிடும் இடம்தான். பொருள் இருப்பது திருவடியில். பௌத்தருக்கும் பிறவித் தொடர் அறுபட வேண்டியதே. ஆகவே கொழும்பில் பாதிக்கு மேற்பட்ட செத்த வீடுகளில் மறுபிறப்பு பேசப்படுவது பரிசாக அல்ல.

அதற்காக வள்ளுவரை நாத்திகர் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவனைப் பேயாக எண்ண வேண்டும் என்ற 850ஆம் குறளும் அவருடையதே. அதற்குப் பரிமேலழகர் உரை எழுதும்போது கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என்றே தொடங்குகிறார்.


தெஹிவளை மாணவன் | திங்கள், முற்பகல் 11.48

அக்கா, நான் பொறியியல் படிக்கிறேன். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் உங்களைப் போல நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் சூரியன் வீங்கிச் சிவந்து முடிந்துவிடும். அதற்கு மிக முன்பே பூமியில் உயிர் இருக்காது. நீங்கள் உதட்டை நனைத்ததும், மாஸ்டர் சொன்ன புறநானூறும், அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் யாரும் எஞ்ச மாட்டார்கள். எல்லாம் அழியும் என்று தெரிந்த பிறகு எதைச் செய்தாலும் ஒன்றுதானே என்ற எண்ணம் பரீட்சைக்குப் படிக்க உட்காரும்போதே வந்துவிடுகிறது. இதை வீட்டில் சொல்ல முடியாது. கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள்.


மாளிகாவத்தை வாசகி | திங்கள், மாலை 4.20

நான் முஸ்லிம். இந்த இழையில் மறுமையை ஆறுதலாகவும் பரிசாகவும் மட்டுமே பேசுகிறீர்கள். எங்களுக்கு அது முதலில் விசாரணை. அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார் என்று குர்ஆன் சொல்கிறது. சகோதரி செய்த பஞ்சு ஒற்றுதல் எந்த ஏட்டிலும் பதியப்படாது என்று எழுதியிருந்தார். பதியப்படுகிறது என்பதே என் நம்பிக்கை. யாரும் பார்க்காத வேலையைச் செய்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதை நம்பாதவர்களும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் கேள்வி இதுதான். 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பொரளையில் எரித்தார்கள். கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எல்லா இனத்தவரும் வந்து கட்டினார்கள். இறந்தவரைச் சுற்றும் கபன் துணியை நினைவுபடுத்தும் அந்தத் துண்டுகளையும் இரவோடு இரவாக அகற்றினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள், அதுவும் தூரத்தில் ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அந்த மாதங்களில் படித்தவர்கள் பலர் எங்களிடம் சொன்னது: "செத்த உடம்புக்கு என்ன தெரியும்? எரித்தால் என்ன, புதைத்தால் என்ன?" மரணத்தோடு ஒருவர் முற்றாக இல்லாமல் போகிறார் என்றால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும். அந்தக் குழந்தைக்கு எந்த அநியாயமும் நடக்கவில்லை, பெற்றோரின் மனம் நோகடிக்கப்பட்டது அவ்வளவுதான் என்று ஆகிவிடும். நீங்கள் அப்படித்தான் நினைக்கிறீர்களா?


இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 2.35

இல்லை, சகோதரி. அப்படி நினைக்கவில்லை. இந்த இழையிலேயே கனமான கேள்வி உங்களுடையது.

வாட்டில் ஒருவர் இறந்ததும் உறவினர் வருவதற்கு முன் நாங்கள் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. குழாய்களையும் ஊசிகளையும் கழற்றி, இரத்தம் கசியும் இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுவோம். கண்ணிமைகளை மூடிச் சற்று நேரம் விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் திறக்கும். தாடையைத் துணியால் கட்டுவோம். உடம்பைத் துடைத்து, கை கால்களை நேராக்கி, விரல்களை ஒன்றோடொன்று சேர்ப்போம். இத்தனையும் திரைக்குப் பின்னால் நடக்கிறது, மேற்பார்வை செய்ய யாரும் இல்லை. அவசர அவசரமாகச் செய்தாலும் கேட்பவர் இல்லை. ஆனால் நான் பழகிய தாதிமார் எவரும் புரட்டும்போது தலையை இடிக்க விட மாட்டார்கள். அவருக்கு வலிக்காது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

ஏன் அப்படிச் செய்கிறோம்? அங்கே கிடப்பது வெறும் சடலமாக இருந்தாலும், அது ஒருவருடையது. அவர் வாழ்ந்தார் என்பது மாறாத உண்மை. அந்த வாழ்க்கைக்கு உரிய மரியாதை மூச்சு நின்றவுடன் காலாவதியாவதில்லை. என்னை இந்த முறையில் அடக்கம் செய்யுங்கள் என்று ஒருவர் வேண்டிக்கொண்டால், அதை மீறுவது அவருக்கே செய்யும் துரோகம்; அவர் அதை உணர்வாரா என்பது வேறு கேள்வி. முதுகுக்குப் பின்னால் ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னால், அது அவர் காதுக்கு எட்டாமலே போனாலும் அநியாயம் நடந்தது அவருக்குத்தானே. அந்தக் குழந்தை தன் தாய் தகப்பனின் மார்க்கத்துக்குள் பிறந்தது. அதன்படி மண்ணுக்குள் போகும் உரிமை அதற்கு இருந்தது. பறிக்கப்பட்டது குழந்தையிடமிருந்து. பெற்றோரிடமிருந்தும். "செத்த உடம்புக்கு என்ன தெரியும்" என்றவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பேச்சு நம்பிக்கையின்மையால் வந்ததல்ல, இரக்கமின்மையால் வந்தது. அந்த வர்த்தமானிக்குப் பின்னால் இருந்தவர்களில் எத்தனை பேர் மறுபிறப்பை நம்பியவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொச்சிக்கடை அண்ணாவுக்கு: உங்கள் கேள்விக்கு என்னிடம் ஈடான பதில் இல்லை. கொன்றவனும் பிள்ளையும் ஒரே இருட்டில் முடிந்தார்கள் என்றே நினைக்கிறேன். அதை நினைக்க எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஒரு விடயம் விரும்பத்தக்கது என்பதால் அது உண்மையாகிவிடாது. 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பொரளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்க்கிறேன். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அந்த வழக்கை மேலே அனுப்பிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். மேலே நீதிமன்றம் இல்லையென்று நினைக்கும் எனக்கு அப்படி அனுப்ப இடமில்லை.


கொச்சிக்கடையான் | செவ்வாய், இரவு 8.50

கடைசிப் பகுதியை நான் மறுக்கிறேன். உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் சூத்திரதாரிகள் யார் என்று ஆண்டுக்கு ஆண்டு வீதியில் நின்று கேட்பவர்கள் யார்? கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகையும், குருமாரும், துறவிகளும், செபமாலையோடு வரும் தாய்மாரும். உயிர்ப்பை நம்புகிறவர்கள்தான் விடாமல் கேட்கிறார்கள். செத்தவர்கள் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள், எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் எங்களைக் களைக்க விடாமல் வைத்திருக்கிறது. வெலிக்கடை வழக்கு மூடப்பட்டதற்கு நம்பிக்கையைக் குறை சொல்லாதீர்கள். அதற்குக் காரணம் பயம். 83இல் பயப்படாமல் யார் இருந்தார்கள்?


வாசிகசாலை | புதன், காலை 7.10

மூன்று நாட்களாக எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். தெஹிவளைத் தம்பிக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, இன்னும் 500 கோடி ஆண்டுகளில் இவை எதுவும் பொருட்டல்ல என்றால், 500 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கப்போவது மட்டும் இன்றைக்கு ஏன் பொருட்டாக வேண்டும்? தூரம் ஒன்றின் மதிப்பை அழிக்குமானால் அது இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இன்றிரவு காய்ச்சல் என்றால் சூரியனை நினைப்பீர்களா, பெனடோலைத் தேடுவீர்களா?

ஆனாலும் உங்கள் பயத்துக்குள் உண்மையான ஒன்று இருக்கிறது. சாமுவேல் ஷெஃப்லர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2013இல் வெளிவந்த நூலில் ஒரு கற்பனையை முன்வைத்தார். நீங்கள் முழு ஆயுளும் வாழ்ந்து இறப்பீர்கள், ஆனால் நீங்கள் இறந்து 30 நாளில் பூமி அழிந்துவிடும் என்று தெரிந்தால் எப்படி வாழ்வீர்கள்? மருந்து கண்டுபிடிக்க உழைப்பவர், பிள்ளை பெற நினைப்பவர், இலக்கணம் பதிப்பிப்பவர் எல்லோருக்கும் கை ஓயும். நம் சொந்த ஆயுளில் ஒரு நாளும் குறையவில்லை, ஆனாலும் கை ஓய்கிறது. நாம் செய்யும் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது நமக்குப் பின்னும் மனிதர்கள் இருப்பார்கள் என்ற உறுதிதான். நாமே தொடர்வோம் என்ற உறுதி அந்த அளவுக்கு வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. யாழ்ப்பாணத்தில் என் பாட்டனார் வயது போன காலத்தில் பனங்கொட்டை புதைத்தார். வடலி பனையாகிக் காய்க்கப் பதினைந்து இருபது வருடம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. 500 கோடி ஆண்டு நிலைக்க வேண்டும் என்று எந்த வடலிக்கும் யாரும் கேட்டதில்லை.

இந்தச் சிந்தனையெல்லாம் மேற்கிலிருந்து வந்த நோய் என்று யாராவது எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைச் சந்திக்கும் 27ஆம் காதையில் பூதவாதி (பூதங்களின் சேர்க்கையே உயிர் என்னும் கொள்கையுடையவன்) ஒருவன் வருகிறான். இம்மையும் அதன் பயனும் இந்தப் பிறப்போடு சரி, மறுமையில் வினை நுகர்வது பொய் என்று அவன் தமிழிலேயே சொல்கிறான். தன் முற்பிறப்பை அறிந்த மணிமேகலை நகைக்கிறாள். கனவும் தெய்வ மயக்கமும் என்று அவன் ஒதுக்கியபோது, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை ஊகித்தறிவதன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். நூலை எழுதிய சாத்தனார் பௌத்தர், அவளை வெல்ல வைத்தார். ஆனால் தோற்பவனுக்கும் பேச இடம் கொடுத்தார்.

புத்தரே இதற்கு இடம் வைத்திருக்கிறார். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்களுக்குச் செய்த உபதேசத்தின் இறுதியில் நான்கு ஆறுதல்கள் வருகின்றன. பகையற்ற, தூய மனமுடையவனுக்கு மறுவுலகம் இருந்தால் நற்கதி கிடைக்கும். இல்லையென்றால் இங்கேயே துன்பமில்லாமல் வாழ்ந்தவனாவான். முதல் இரண்டும் இவை. நம்பினால்தான் லாபம் என்று அவர் பந்தயம் கட்டச் சொல்லவில்லை. எப்படி நடக்கிறாய் என்று மட்டும் பார் என்கிறார். கொழும்பில் பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) ஒரு தெருத் தள்ளி வாழ்ந்துகொண்டு இதைப் பேசாமல் விடுகிறோமே என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு.


ஆடி அமாவாசை | புதன், இரவு 11.05

எல்லோரும் செத்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் செத்தாரா இல்லையா என்றே தெரியாத ஒருவர் இருக்கிறார். என் தம்பி. 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை.

அம்மா அவனுக்குத் திவசம் செய்வதில்லை. படத்துக்கு மாலை போட விடுவதில்லை. அவன் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்கிறார், உயிரோடு இருப்பவனுக்குச் செய்வதைப் போல நட்சத்திரம் சொல்லி. அந்தியேட்டி செய்தால் ஆத்மா சாந்தியடையும் என்று ஒரு குருக்கள் நல்லெண்ணத்தோடு சொன்னபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். சாந்தியடைய வைக்க அவன் செத்துவிட்டான் என்று முதலில் யார் சொன்னது? கொழும்பில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் போனோம். படிவம் நிரப்பினோம். கடைசியாகப் பார்த்த இடம், உடுத்திருந்த உடுப்பு, உடம்பில் அடையாளம். இடது புருவத்தில் தழும்பு என்று அம்மா சொல்ல நான் எழுதினேன்.

அம்மா முழுமையாக நம்புகிறவர். நான் எதையும் நம்புவதில்லை. ஆனால் இந்த விடயத்தில் எங்களுக்குள் வேறுபாடு கிடையாது. மறுமை இருந்தாலும் அம்மாவுக்கு அது போதாது, அவருக்கு வேண்டியது இங்கே ஒருவர் வாயிலிருந்து வரும் பதில். எனக்கும் அதுதான். உங்கள் விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.


மாளிகாவத்தை வாசகி | வியாழன், காலை 5.40

ஆடி அமாவாசை, உங்கள் அம்மாவுக்காக சுபஹுத் தொழுகையில் துஆ கேட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரவுப்பணி சகோதரிக்கு: நீங்கள் இறந்தவருக்குச் செய்வதை நாங்கள் ஜனாஸா குளிப்பாட்டும்போது செய்கிறோம். வயிற்றை மெதுவாக அழுத்த வேண்டும், மறைவிடத்தை மூடியபடியே கழுவ வேண்டும், காணும் குறையை வெளியே சொல்லக் கூடாது. உங்கள் விளக்கம் எனக்குப் போதவில்லை. மாறாத உண்மையாக ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது என்கிறீர்கள், யாருடைய அறிவில் இருக்கிறது? எல்லோரும் மறந்த பிறகும் மாறாமல் இருப்பதென்றால் மறக்காத ஒருவன் இருக்க வேண்டும். ஆனால் தலையை இடிக்க விடாத கையோடு எனக்குப் பிணக்கில்லை.


பாமன்கடைப் பழையவர் | வியாழன், மாலை 6.15

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாமன்கடையில் ஆபிரகாம் கோவூர் இருந்த நாட்களை அறிந்தவன். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, கொழும்பில் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை வகித்தவர். அமானுஷ்ய சக்தியை மோசடிக்கு இடமில்லாத முறையில் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. கண்ணைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவ மாணவர்களுக்கும் எழுதி வைத்தார். ஆவி, மறுபிறப்பு எதையும் நம்பாத மனிதர்.

அதே கொழும்பில் 1961இல் ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று இலங்கையிலிருந்து கருவிழிகள் எத்தனையோ நாடுகளுக்குப் போகின்றன. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மறுபிறப்பை நம்பும் பௌத்தர்கள். நமக்குச் சிபி என்றால் புறாவுக்குத் தசையை அரிந்தவன். அவர்களுடைய ஜாதகக் கதையில் சிபி அரசன் கண்களையே கொடுக்கிறான். புண்ணியம் சேரும் என்று கொடுக்கிறார்கள். மாஸ்டர் சொன்ன அறவிலை வணிகம் இதுதானா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கோவூரும், அடுத்த தெருவில் தானம் கொடுத்துவிட்டு வரும் சிங்கள அம்மாவும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

என் விடயத்துக்கு வருகிறேன். என் உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். மகளுக்கு விருப்பமில்லை. சுண்ணம் இடித்து, திருப்பொற்சுண்ணம் பாடி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்ப வேண்டும் என்கிறாள். பிரேதம் எரியாமல் சாம்பல் எடுக்கும் காடாற்று எங்கே, அந்தியேட்டி எங்கே என்று அழுகிறாள். எனக்கு மறுமையில் பாதி நம்பிக்கைதான். அவளுக்கு முழுதாக இருக்கிறது. யாருடைய நம்பிக்கைப்படி நான் சாக வேண்டும்?


ஓய்வாசிரியர் | வியாழன், இரவு 7.40

ஐயா, கிரியை நின்றுவிடும் என்று மகள் பயப்படத் தேவையில்லை. கடலில் போனவர்களுக்கும் பிரேதம் கிடைக்காதவர்களுக்கும் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் வழக்கம் உண்டு. தானமாகக் கொடுத்த உடலுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில் குருக்கள்மாரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். உங்கள் குடும்பக் குருக்களிடம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். வீட்டில் பிரேதத்தை வைத்துச் சுண்ணம் இடித்துப் பாடிவிட்டு, மயானத்துக்குப் போகும் வண்டி பீடத்துக்குப் போவதற்கு எந்தத் தேவாரமும் தடை சொல்லவில்லை.

யாருடைய நம்பிக்கைப்படி என்று கேட்டீர்கள். கிரியை செய்யப்போவது மகள் வீட்டார், உடல் உங்களுடையது. இரண்டையும் ஒருவரே முடிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.


இரவுப்பணி | வெள்ளி, காலை 8.05

நானும் அப்பாவின் திவசத்துக்குச் சமைக்கிறேன், ஐயா. காகத்துக்குச் சோறு வைக்கிறேன். அப்பா வந்து சாப்பிடுகிறார் என்று நினைத்து வைக்கவில்லை. அம்மா நினைக்கிறார், அவர் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் மகளின் கண்ணீரை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அவருக்கு உங்களை வழியனுப்பிவைக்க வேண்டும்.

மாளிகாவத்தைச் சகோதரியின் கேள்வி, யாருடைய அறிவில் என்பது, மனதில் கிடக்கிறது. யாருடைய அறிவிலும் இல்லாமலும் நடந்தது நடந்ததுதான் என்றே இன்னும் நினைக்கிறேன். மழை பெய்ததைப் பார்த்தவர் எவரும் இல்லாவிட்டாலும் மழை பெய்தது. அதை இன்னும் நன்றாகச் சொல்ல முடிந்தால் வந்து எழுதுவேன்.

உடல் தானத்துக்கு முதலில் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறையோடு பேசிப் படிவத்தை நிரப்புங்கள். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் இறந்த பிறகு உடலை ஒப்படைக்கப்போவது உங்கள் பிள்ளைகள். அவர்கள் மறுத்தால் எந்தத் துறையும் வந்து பறித்துக்கொண்டு போகாது. மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் தேவைப்படும் சாவாக இருந்தால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், சில தொற்று நோய்களுக்கும் அப்படித்தான். எனவே மகளுக்கு இரண்டாவது வழியும் தெரிந்திருக்க வேண்டும். கண் மட்டும் கொடுப்பதென்றால் இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்தானச் சங்கத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இப்போதே எழுதி ஒட்டுங்கள். அழுகைக்கு நடுவில் அதை யாராலும் தேட முடியாது.